அளவெடுத்த மாத்திரை

உங்கள் வெள்ளைக் கோட்டின் இடது தோள் அரை அங்குலம் இறங்கியிருக்கிறது. தப்பாக நினைக்காதீர்கள், உள்ளே வந்து உட்கார்ந்ததிலிருந்து என் கண் அங்கேயே போகிறது. ரெடிமேட் என்றாலே அப்படித்தான். எல்லோருக்கும் என்று தைப்பார்கள், ஒருவருக்கும் பொருந்தாது. இந்த விசாரணை முடிந்ததும் கழற்றிக் கொடுங்கள், பத்து நிமிடத்தில் சரி பண்ணித் தருகிறேன். ஊசியும் நூலும் எப்போதும் என் பையில் இருக்கும்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நீங்கள் இந்த ஆஸ்பத்திரியின் மருந்துப் பிரிவு. நோயாளி வீட்டில் என்னென்ன மாத்திரை, எப்படிச் சாப்பிட்டார் என்று கேட்டு எழுதிக்கொள்வது உங்கள் வேலை. வீட்டில் இருக்கிற மருந்தையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னீர்கள். நானும் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன். அவசரத்தில் அந்தப் பட்டன் டப்பாவும் சேர்ந்து வந்துவிட்டது. அதைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இது, எல்லாம் பாதியும் காலுமா கெடக்கு?" என்று கேட்டீர்கள்.

அது வெட்டுத்துண்டு. தையல் வேலை செய்கிறவர்கள் வெட்டுத்துண்டைத் தூக்கி எறிய மாட்டோம். எதற்காவது உதவும்.

என் மடியில் இருக்கிற மூட்டையையும் பார்க்கிறீர்கள். அது மருந்து இல்லை. கடைசியில் பிரித்துக் காட்டுகிறேன்.

நாலாம் வார்டில் படுத்திருக்கிற என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். கல்யாணமாகி முப்பத்தோரு வருடம். வீட்டில் அவருடைய பல் துலக்கும் பிரஷ் எப்போதும் புதுசாகவே இருக்கும். இரண்டு நாள் இருப்பார், துணி துவைத்துக் காய்வதற்குள் கிளம்பிவிடுவார். நான் முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு ஊர்ச் சட்டையெல்லாம் தைப்பேன். ஊரில் எல்லா ஆண்களின் கழுத்தளவும் எனக்கு மனப்பாடம். கட்டினவர் கழுத்தளவு மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. நான் குறை சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர் வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் கம்பெனியில் எல்லா டிரைவர்களுக்கும் உடம்பைப் பார்த்தார்கள். இவருக்கு பிரஷர் எக்கச்சக்கம். உடனே வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிரஷர் தொடர்ந்து மூன்று மாதம் அளவுக்குள் இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் திரும்ப ஸ்டீயரிங்கைத் தொடலாம். டாக்டர் தினம் காலையில் போட ஒரு வெள்ளை மாத்திரை எழுதினார். சீட்டின் அடியில் ஒரு போன் நம்பர் இருந்தது. என்ன சந்தேகம் வந்தாலும் கூப்பிடுங்கள், நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம் என்று வாயாலும் சொன்னார்.

முதல் நாலு நாள் அவர் தள்ளாடினார். நாற்காலியிலிருந்து எழுந்தால் சுவரைத் தேடுவார். அந்த நம்பரைப் பார்த்தேன். கூப்பிடவில்லை. சட்டை தொளதொளவென்று இருந்தால் துணிக்கடைக்கா போன் பண்ணுகிறோம்? பிடித்துத் தைக்கிறோம். டாக்டர் இவர் கையில் ஒரு பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார், அவ்வளவுதான். நான் டேப்பை எடுத்து மார்பு, இடுப்பு, கழுத்து மூன்றையும் அளந்தேன். போன வருடத்தைவிட இடுப்பில் இரண்டு அங்குலம் குறைந்திருந்தது. ஆளுக்கு ஏற்ற அளவு பாதிதான் என்று தோன்றியது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள். நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியால் மாத்திரையை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை அவருக்குக் கொடுத்து, மறுபாதியை டப்பாவில் போட்டேன். தள்ளாட்டம் நின்றது. அவரிடம் சொல்லவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறப்பார், நான் போடுவேன், தண்ணீர் குடிப்பார். எதைப் போட்டேன் என்று பார்க்கிற பழக்கமே கிடையாது.

அது வரைக்கும் நான் செய்தது பாசத்தில் செய்தது. இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒரு மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனோம். பிரஷர் இறங்கவில்லை. டாக்டர் புருவத்தைச் சுருக்கினார்.

"மாத்திரைய ஒழுங்கா போடறீங்களா?"

"ஒரு நாள்கூட விட்டதில்ல சார். எல்லாம் இவ கையால," என்று என்னைக் காட்டினார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அது பொய் இல்லை. ஒரு நாள்கூட விட்டதில்லை.

ஒன்றை இரண்டாக்கினார் டாக்டர். வண்டி இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போனது. திரும்பி வரும்போது அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. எனக்குள் என்ன இருந்தது என்று கேட்டீர்களானால், மறைக்காமல் சொல்கிறேன். சந்தோஷம்.

அவர் வீட்டில் இருந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. காலையில் ஜன்னலைத் திறந்து தெருவில் போகிற வண்டிகளுக்கெல்லாம் வழி சொல்வார். வாடிக்கையாளர் வந்தால் அளவு நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருவார், நான் சொல்லச் சொல்ல எழுதுவார். இடுப்பளவு சொல்லும்போது மட்டும், "லோடு கொஞ்சம் ஜாஸ்திங்க," என்பார். அவர்களும் சிரித்துவிட்டுப் போவார்கள். பட்டன் தைக்கக் கற்றுக்கொடுத்தேன். அவ்வளவு பெரிய விரல்களுக்குள் ஊசி காணாமல் போய்விடும். நாலு ஓட்டைப் பட்டனை எப்போதும் குறுக்காகத்தான் தைப்பார். டயர் நட்டை அப்படித்தான் முறுக்க வேண்டுமாம், எதிரெதிராக, இல்லாவிட்டால் சக்கரம் ஆடுமாம். அவர் தைத்த பட்டன் ஒன்றுகூட இதுவரை அறுந்து வரவில்லை. முப்பத்தோரு வருடம் தனியாக மெஷின் மிதித்தவளுக்கு எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்து பட்டன் தைத்தால் எப்படி இருக்கும்?

அதனால் அடுத்த மாதமும் அளவைப் பிடித்தேன். இரண்டு என்றால் ஒன்று கொடுப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? பாதியேதான் கொடுத்தேன். டாக்டர் கூட்டக் கூட்ட நான் குறைத்தேன். அவருக்கு அவர் தொழில், எனக்கு என் தொழில். நாலாம் மாதம் இரவுக்கு ஒரு மஞ்சள் மாத்திரை சேர்த்தார். கத்தரி பட்டதும் அது பொலபொலவென்று உதிர்ந்தது. மேலே ஒரு பூச்சு இருக்கிறது, உள்ளே இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், உடைக்கவே கூடாது என்று நீங்கள் இப்போது சொல்கிறீர்கள். நல்லவேளை, அதை நான் கொடுக்கவே இல்லை. மஞ்சள் நிறம் அவருக்கு என்றைக்கும் எடுபட்டதில்லை.

சீட்டைப் படித்தால் அவருக்குத் தெரிந்துவிடாதா என்று கேட்கிறீர்கள். படிக்க அவருக்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி தையல் மெஷின் டிராயரில் சீட்டோடு சேர்ந்து பத்திரமாக இருந்தது. அளவு எழுதவும் ஊசி கோக்கவும் மட்டும் நானே எடுத்துக் கொடுத்து, முடிந்ததும் வாங்கி வைப்பேன். வண்டி ஓட்டாதவருக்கு மற்ற நேரத்தில் கண்ணாடி எதற்கு?

பிரஷர் அப்படியே ஏறிக்கொண்டிருந்தால் மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கலாம், கை கால் விழுந்துவிடலாம் என்று சொல்கிறீர்கள். தெரியும். மாத்திரைப் பெட்டிக்குள் பொடி எழுத்தில் ஒரு தாள் மடித்து வைத்திருப்பார்களே, நான் அதை ஒரு வரி விடாமல் படிப்பேன். துணி வெட்டுகிற பேட்டர்ன் தாள் படித்துப் பழகிய கண். அதில் அதுவும் இருந்தது. ஆனால் கை கால் விழுந்தவர்கள் எத்தனையோ பேர் வீட்டில் நன்றாக இருக்கிறார்கள். பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் போதும்.

வெட்டுத்துண்டுகளைப் பற்றிக் கேட்டீர்கள். பாதிக்கு மேல் டப்பாவிலேயே இருக்கிறது. மாடிவீட்டுப் பாட்டு டீச்சர் ஒருநாள் தலைவலி என்று வந்தார். ஊசி போல மெலிந்த உடம்பு. அதனால் கால் துண்டுதான் கொடுத்தேன், டேப் வைத்துப் பார்த்த பிறகுதான். மத்தியானம் முழுக்கப் படுத்துவிட்டு, "டெய்லரம்மா, உங்க கைராசியே கைராசி," என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு வாரத்துக்கு ஒரு தரம் வருவார். அவர் எப்படி இருக்கிறார் என்றா கேட்கிறீர்கள்? நன்றாகத்தான் இருக்கிறார். போன மாதம் மாடிப்படியில் இரண்டு படி சறுக்கினார். படி கொஞ்சம் வழவழப்பு. சரி, கதவு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள், முதல் மாடி, இடது பக்கம். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். அந்தக் கணக்கில் நான் இன்னும் வைத்தியத்தில் பாலர் வகுப்பிலேயே சேரவில்லை.

இனி போன வாரத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை என் தங்கைக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. ஒரு வாரம் கூட இருக்கலாம் என்று அவள் வீட்டுக்குப் போனேன். கிளம்புவதற்கு முன் ஏழு காகிதப் பொட்டலம் மடித்து, ஒவ்வொன்றிலும் கிழமையை எழுதி, அவர் அளவுப்படி உள்ளே போட்டு, மெஷின் மேல் வரிசையாக வைத்தேன். "ஒரு பொட்டலம், ஒரு கிளாஸ் தண்ணி, அவ்வளவுதாங்க," என்றேன். "சரிங்க டெய்லரம்மா," என்றார்.

ஞாயிறு ஒழுங்காகப் போனது. திங்கட்கிழமை அவருக்குப் பட்டன் தைக்க வேண்டும் என்று ஆசை வந்திருக்கிறது. ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடியைத் தேடி டிராயரைத் திறந்திருக்கிறார். கண்ணாடியும் கிடைத்தது, சீட்டும் கிடைத்தது. ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையாது என்பார்கள். இடம் கொடுத்தது நான்தான், அந்த டிராயரைப் பூட்டாமல் போனேன்.

செவ்வாய்க்கிழமை பகலில் எனக்குப் போன் பண்ணினார். குரலில் ஒரு துளி கோபம் இல்லை.

"ஏம்மா, சீட்டுல வெள்ளை ரெண்டு, மஞ்சள் ஒண்ணுன்னு போட்டிருக்கு. நீ பொட்டலத்துல ஒரு துண்டுதான் வச்சிருக்க. இத்தன நாளும் பாதிதான் குடுத்தியா?"

நான் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினேன்.

"சரி விடு. உனக்கும் வயசாகுதில்ல, மறந்திருப்ப. நேத்து சாயந்தரம் மருந்துக்கடைக்குப் போயி சீட்டைக் காட்டி வாங்கிட்டேன். அவரு ஒரு அட்டையில பெருசா எழுதியே குடுத்துட்டாரு. இனிமே நானே பாத்துக்கறேன், உனக்கும் ஒரு வேலை கொறையும். பாதி டீசல் ஊத்திட்டு வண்டி ஓடலயேன்னு எட்டு மாசமா டாக்டரு தலையப் பிச்சுக்கிட்டு இருக்காரு பாவம்."

சிரித்தார்.

"ஆனா ஒண்ணு. நேத்து மஞ்சளும் இன்னிக்கு வெள்ளையும் முழுசா போட்டதுல இருந்து எழுந்தா கண்ணு இருட்டுது. தலை சுத்தினா உடனே டாக்டருக்குப் போன் பண்ணச் சொன்னாரு கடைக்காரரு, நம்பர் சீட்டுலயே இருக்காம். பண்ணவா? இல்ல ரெண்டு நாள் நிறுத்திப் பாக்கவா? நீ சொல்றபடி செய்யறேன்."

இந்த இடத்தில்தான் நீங்கள் பேனாவை நிறுத்துவீர்கள் என்று எனக்குத் தெரியும். நிறுத்த வேண்டாம், எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வெள்ளை மாத்திரைக்கு நாலு நாள் சுவரைப் பிடித்து நடந்தவர் அவர். இப்போது சீட்டில் இருந்தது அதுவல்ல. துண்டுக்கு இறங்காத பிரஷரைப் பார்த்துப் பார்த்து டாக்டர் ஏற்றிக்கொண்டே போன அளவு. அவருக்கு அது எவ்வளவு அதிகம் என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டாக்டருக்குத் தெரியாது, ஏனென்றால் நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். தாளிலும் படித்திருந்தேன், திடீரென்று விழக்கூடும் என்று. டாக்டருக்குப் போன் பண்ணினால் ஐந்தே நிமிடத்தில் விஷயம் வெளியே வந்துவிடும். அவர் சரியான அளவாகப் பார்த்து மாற்றி எழுதுவார். சீட்டு இனி இவர் கையில், அட்டையும் இவர் கையில். மூன்று மாதம் போனால் ஸ்டீயரிங்கும் இவர் கையில். எதிர் நாற்காலி மறுபடியும் காலி.

"போனெல்லாம் வேண்டாங்க," என்றேன். "நிறுத்தவும் வேண்டாம். டாக்டர் சொன்னபடி போடுங்க."

எட்டு மாதத்தில் டாக்டர் பேச்சைக் கேட்கச் சொன்னது அன்றைக்கு ஒரு நாள்தான். அதற்காக என்னைக் குற்றம் சொல்வீர்களானால், இந்த வார்டு சுவரில் ஒட்டியிருக்கிற நோட்டீஸையும் சேர்த்துக் குற்றம் சொல்ல வேண்டும். அதிலும் அதுதான் எழுதியிருக்கிறது.

புதன்கிழமை காலை இரண்டு வெள்ளை போட்டிருக்கிறார். ஒரு மணி நேரத்தில் குளியலறையில் விழுந்துவிட்டார். பாட்டு டீச்சர் சத்தம் கேட்டு ஆட்களைக் கூட்டி வந்திருக்கிறார். இடது பக்க இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. இங்கே கொண்டுவந்தபோது பிரஷர் தரையில் கிடந்ததாம். உங்கள் டாக்டர்களுக்குப் புரியவில்லை. எட்டு மாதமாகத் தின்கிற மருந்து ஒரே நாளில் ஏன் இப்படி அடித்தது என்று இதயத்தில் தேடினார்கள், ரத்தத்தில் தேடினார்கள். என்னைத் திட்டுவார்களே என்று அவரும் பாதி மாத்திரை விஷயத்தைச் சொல்லவில்லை. இரண்டு நாளும் நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தேடுகிறவர்களை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

பின்னே இப்போது ஏன் சொல்கிறாய் என்று கேட்கிறீர்கள். நாளைக்கு அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றி, இதயத்துக்குள் குழாய் விட்டுப் பார்க்கப் போவதாகக் காலையில் நர்ஸம்மா சொன்னார். அங்கே துணைக்கு ஆள் வைக்க மாட்டார்களாம். அவருக்கு இதயத்தில் ஒன்றும் இல்லை. குழாய் வேண்டாம். அவர் இங்கேயே இருக்கட்டும்.

எலும்பு டாக்டர் நேற்று வந்தார். எழுந்து நடக்கவே மாதக்கணக்கில் ஆகும், லாரி ஓட்டுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். என் வீட்டுக்காரர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்கும் அழுகை வந்தது. நான் கல்நெஞ்சக்காரி இல்லை. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "தப்பா நினைக்காத. நீ பாதி குடுத்ததுதான் சரி போல. உன் கையால போட்ட வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன்," என்றார். இதைவிட என்ன சாட்சி வேண்டும் உங்களுக்கு? அவரை வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரையை என்னிடமே கொடுங்கள். அவருக்கு அளவு தெரியாது.

நீங்கள் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள், காட்ட வேண்டியதுதான். போலீஸுக்கும் சொல்ல வேண்டியிருக்கும் என்கிறீர்கள். சொல்லுங்கள். ஆனால் வேண்டுமென்றே விழவைத்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்படி ஒரு எண்ணம் எனக்குக் கனவிலும் கிடையாது. தலை சுற்றி நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

மூட்டையைக் காட்டுவதாகச் சொன்னேனே. பாருங்கள், பைஜாமா, ஆறு. படுத்த படுக்கையாக இருக்கிறவரை அசைக்காமலே மாட்டிவிடலாம், கழற்றிவிடலாம். துணி மெத்தென்று இருக்கிறதா, தொட்டுப் பாருங்கள். தங்கை வீட்டு மெஷினில் செவ்வாய்க்கிழமை சாயந்தரம் உட்கார்ந்து ஒரே மூச்சில் தைத்து முடித்தேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் திறப்பு விட்டு நாடா வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் போதுமே என்று நீங்கள் நினைக்கலாம். எந்தப் பக்கம் அடிபடும் என்று எனக்கு அப்போது தெரியாதே.